நூற்று முப்பத்தேழாவது ஆள்

அன்பு மகள் ரேணுகாவுக்கு,

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதவே கை கூசுகிறது. வாரா வாரம் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. போடியில் சாரல்தான், மேலே மலையில் நல்ல மழை, ஏலக்காய் வரத்துத் தொடங்கிவிட்டது, கடையிலிருந்து மூட்டை வாங்கி வந்து வீட்டில்தான் தரம் பிரித்துப் பொறுக்குகிறேன்.

நீ அனுப்பிய தமிழ்க் கட்டுரையை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துப் படித்தேன். ஆணை விரும்பும் பையன்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் என்று இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளிடம் நெட் வழியாக, பேர் கேட்காமல் மனநிலையை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறாய், சபையில் கை தட்டினார்கள் என்றும் சொன்னாய். ஒன்பதாம் பக்கத்தில் நூற்று முப்பத்தேழாவது ஆள், வயது இருபத்து மூன்று, தேனி மாவட்டம் என்று போட்டு, அந்தப் பிள்ளை எழுதியதை அப்படியே கொடுத்திருக்கிறாய். 'அம்மாவிடம் சொன்னேன். காய்க்கு நேரே நின்னு பேசாத, எச்சி தெறிக்கும், ஏலத்துக்குப் போற காய்னு சொன்னாங்க. அதோட முடிஞ்சது.' அந்த அம்மா நான்தான் ரேணுகா. நூற்று முப்பத்தேழு உன் தம்பி பிரபாகரன்.

போன வருஷம் புரட்டாசியில், தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று என்னிடம் சொன்னான். பயத்தில் நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை, 'பத்து மாசம் மலையில கெடக்கட்டும், நெனப்பு மாறிரும்' என்று எஸ்டேட்டில் காய் உலர்த்தும் கொட்டகைக்கு ஜீப்பு ஏற்றிவிட்டார். அடுப்பு அணையாமல் பார்க்கிற வேலை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஏற்கெனவே தனியாய் இருந்தவனை இன்னும் தனியாக்கினோம், அதற்கு மருந்து என்று பேர் வைத்துக்கொண்டோம். வைகாசியில் அவனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று உனக்குச் சொன்னது பொய். சாகப் பார்த்தான். எஸ்டேட் ஜீப்பில்தான் கீழே கொண்டுவந்தார்கள். அதன்பிறகு காட்டிய டாக்டர் என் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், 'வெரசா ஒரு கல்யாணத்த முடிச்சு வைங்க, எல்லாம் சரியாப் போகும்' என்றார். அதற்கும் டோக்கன் வாங்கி நாலு மணி நேரம் காத்திருந்தோம். ராசிங்காபுரத்தில் பெண் பேசி முடித்தாயிற்று, ஆவணி பன்னிரண்டில் முகூர்த்தம், உன்னிடம் பத்திரிகை அடித்தபிறகு சொல்லலாம் என்கிறார் அப்பா. அந்தப் பெண் என்ன பாவம் செய்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. பெண்டாட்டியை அடித்து மண்டையை உடைத்த சின்ராசுதான் மாப்பிள்ளைத் தோழன், அவனை எந்த டாக்டரிடமும் யாரும் கூட்டிப்போகவில்லை.

கட்டுரையை அவனிடம் காட்டி, நீதானா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். பல நாளுக்குப் பிறகு வாய் திறந்து, 'பேரு போடலேன்னாலும் அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. நான் எழுதுனதப் படிச்சதும் அக்கா கூப்பிடுவான்னு மலையில தெனமும் சிக்னலுக்கு மேட்டுல ஏறி நிப்பேன்' என்றான். நீ கூப்பிட்டாய், என்னைக் கூப்பிட்டாய். தம்பி எப்படி இருக்கான் என்றாய், நல்லா இருக்கான் என்றேன். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் மேலும் ஆய்வு தேவை என்று கட்டுரையை முடித்திருக்கிறாயே, இன்னும் என்ன தெரியவேண்டும்? தெரியாமலா இந்தப் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கிறோம்?

கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அதுவும் பொய்யாகிவிடும். அப்பா முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. நீ வந்தாலும் நிற்குமா என்று தெரியவில்லை. அவனைக் கூப்பிடு. ஆராய்ச்சிக்காரியாக வேண்டாம், அக்காவாகக் கூப்பிடு. அவன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கவேண்டிய நிலையில்தான் நீயும் இருக்கிறாய், தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

உன் கட்டுரையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அவன் அதை எழுதவில்லை. அன்றைக்கு நான் எச்சில் தெறிக்கும் என்றதும் 'சரிம்மா' என்றான். கொடியில் கிடந்த துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தான். சுளகு காலியாகும்வரை என்னோடு காய் பொறுக்கினான்.

நீ நல்லா இரு. அவனையும் நல்லா இருக்கச் சொல்லு, நான் சொன்னால் நம்பமாட்டான்.

உன் அம்மா,
பொன்னுமணி