மைக்கில் கேட்ட உன் குரல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, புது அறைத்தோழியோடு ஒத்துப்போய் நன்றாக இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொல்லிக் கேள்விப்பட்டேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், இப்போதே சொன்னால் எழுத்து கோணிக்கொண்டு போகும். போன் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பக்கம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டியா என்பேன், நீ சாப்பிட்டேன்மா, கிளாஸ் இருக்கு வைக்கட்டுமா என்பாய், அவ்வளவுதான் நம் பேச்சு. வெள்ளிக்கிழமை சித்தப்பா வேலை விஷயமாக உன் ஊர்ப் பக்கம் வருகிறார். அவர் கையில் இதையும் இரண்டு துண்டும் உன் நீல ஸ்வெட்டரும் கொடுத்தனுப்புகிறேன். ஸ்வெட்டரின் முழங்கையில் பிரிந்ததைத் தைத்திருக்கிறேன், நூல் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது, திட்டாதே.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகி, அப்பா தானே சரிசெய்கிறேன் பேர்வழி என்று முழுக் குழாயையும் கழற்றி வைத்து, கடைசியில் ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. அவருடைய கண்ணாடிக் கடையில் கூட்டம் பரவாயில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுத் தன் கண்ணாடியை நாள் முழுக்கத் தேடுகிறார். எனக்கு எக்ஸ்ரே நிலையத்தில் அதே வரவேற்பு மேஜைதான், அதே நோயாளிகள்தான், மூச்சை இழுத்துப் பிடிங்க என்று உள்ளே சொல்லும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் நானும் பிடித்துக்கொள்கிறேன். உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், சாயங்காலம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விட்டு மூடுகிறேன்.

நீ போன பிறகு வீடு ஓவென்று இருக்கிறதே என்று நம் ஊர்ச் சேவை மன்றத்தில் சேர்ந்தேன் அல்லவா, விஷயம் அங்கேதான். பஸ் நிலையத்துப் பெண்கள் கழிப்பறையை இந்த வருஷம் மன்றம் எடுத்துப் புதுப்பிக்கப் போகிறது. அதைக் கட்டியவள் அந்தக் காலத்தில் நகராட்சித் தலைவராக இருந்த சேர்மனம்மா. ரவுண்டானாவில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாளே சிலையாக, அவளேதான். சுண்ணாம்பு வாளியைத் தொடுவதற்கு முன்னால் அவள் யார் என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் அவளைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவானது. நான் பேசுகிறேன் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். வரலாறு படித்தவள் அந்த மன்றத்தில் நான் ஒருத்திதான். கடைசி வருஷப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான், நீ பிறப்பதற்கு முன்னாலேயே வரலாறு கேட்ட பிள்ளை. ஆனால் பேச ஆள் கேட்ட அன்று எக்ஸ்ரே மெஷின் பழுதாகி எனக்கு வேலை முடியவில்லை, போய்ச் சேர்வதற்குள் மருந்துக்கடை அக்கா கையைத் தூக்கிவிட்டாளாம். என்னை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள், தலைப்பு கண் பாதுகாப்பு. கண்ணாடிக்கடைக்காரர் மனைவி என்றால் கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியாது போலிருக்கிறது.

மருந்துக்கடை அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இருமல் மருந்து வாங்கப் போகிறேன் என்று போய் இருட்டும் வரை அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கதையளப்பவள் நீ. இருமலே இல்லாத மாதங்களிலும் போவாய். அப்போதே என்னடி அங்கே அப்படி என்று கேட்பேன், சும்மாம்மா என்பாய். அவள் நல்லவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. பிள்ளை பெற்று வளர்த்த அலுப்பு இல்லை, சேலைக்கு ஏற்ற வளையல் போடுகிறாள், யார் என்ன சொன்னாலும் அப்படியா என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். எனக்கும் தலையைச் சாய்த்துக் கேட்கத் தெரியும், அடுப்பில் ஏதாவது இருந்துவிடுகிறது.

கூட்டம் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டு அறையில் நடந்தது, குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, எல்லாருக்கும் முழங்கால் மேஜையில் இடித்தது. அக்கா பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் நன்றாகத்தான் பேசினாள். சேர்மனம்மா தலைவராக வந்தபோது நகராட்சிக் கட்டடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறையே கிடையாதாம், கூட்டத்தின் நடுவில் எழுந்து எதிரே இருந்த தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வருவாளாம், அவள் வெளியே போகும் நேரம் பார்த்து வேண்டாதவர்கள் தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்களாம். அதனால் கூட்டத்தன்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வந்து, எல்லாரும் கலைகிற வரை நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பாளாம். பஸ் நிலையத்தில் கழிப்பறை கட்டும் தீர்மானத்தை அப்படி நா வறண்டு உட்கார்ந்துதான் நிறைவேற்றினாளாம். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அவரவர் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டோம். இவ்வளவும் இவளுக்கு எப்படித் தெரியும், மாத்திரை விற்கிறவளுக்கு, என்று எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த மாதம் பேச வேண்டியவர்தான் இந்த மாதம் முதல் கேள்வி கேட்க வேண்டும். பேச்சைத் தூங்காமல் கேட்பதற்காக மன்றத் தலைவர் பல் டாக்டர் வைத்த ஏற்பாடு. மைக்கை என்னிடம் நீட்டினார். அக்கா தன் பேச்சில், சேர்மனம்மா ஒரு தடவை பதவியில் இருந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள் என்று சொல்லியிருந்தாள். அவள் ஒதுங்கவில்லை, மறுபடியும் நின்று தோற்றாள் என்பது எனக்குத் தெரியும், கல்லூரியில் எங்கள் பேராசிரியை போகிற போக்கில் ஒருமுறை சொன்னது. ஏன் தோற்றாள் என்று எனக்கும் தெரியாது. தோற்றதாகத்தானே கேள்வி, அவ்வளவு செய்தவளை ஊர் ஏன் தோற்கடித்தது என்று கேட்டேன். கேள்வி நியாயமானதுதான், நான் கேட்டது நியாயத்துக்காக இல்லை. அவள் முழிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அவள் முழிக்கவில்லை. சிரித்தாள். “இருங்க தங்கச்சி, இதையெல்லாம் எனக்குத் தேடி எடுத்துக் கொடுத்த ஆளையே கேட்டுடலாம்” என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் வைத்தாள். மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை.

“சொல்லுங்க ஆன்ட்டி, கலக்கிட்டீங்களா?”

உன் குரல். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறை முழுக்க உன் குரல், அதற்குப் பின்னால் அந்தச் சிரிப்பு. நீ போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. நான் கூப்பிட்டால் நாலு தடவை அடித்து நின்று, சாயங்காலம் ‘என்னம்மா கூப்பிட்டியா’ என்று ஒரு மெசேஜ் வரும். அக்கா, கூட்டத்தில் ஒரு கேள்வி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டாள், கேட்டது அம்மா என்று சொல்லவில்லை, மைக்கில் வைத்திருப்பதையும் சொல்லவில்லை. நீயும் ஆற அமர விளக்கினாய். கழிப்பறை கட்டுவதற்காக அங்கே இருந்த கடைகளை அவள் எடுக்கச் சொன்னாள், மாற்று இடம் காட்டுவதற்கு முன்னாலேயே எடுக்கச் சொன்னாள், அந்தக் கடைக்காரர்கள் வீடு வீடாகப் போய் அவளுக்கு எதிராக ஓட்டுக் கேட்டார்கள், கழிப்பறையைத் தினமும் பயன்படுத்திய பெண்கள்கூடக் கடைக்கார மாமாவுக்காக மாற்றிப் போட்டார்கள் என்று. எத்தனை தெளிவாகச் சொன்னாய். என் வயிற்றில் இருந்து பரீட்சை எழுதியவள் என்று நான் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில்தான் அடுத்ததைச் சொன்னாய்.

“அதை நினைச்சாத்தான் எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது ஆன்ட்டி. மாசக் கடைசியில ஓட்டு. நான் நிக்கிறேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்தே படுத்துடுவாங்க.”

அக்கா போனை அமுக்கினாள், வார்த்தை எல்லாம் வெளியே வந்த பிறகு. பல் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், நேரம் முடிந்தால் அடிக்கும் மணியை எடுத்து ஒரு தடவை அடித்தார். நான் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், பதிலுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தேநீர் நேரத்தில் ஒவ்வொருத்தராக வந்து உங்க பொண்ணுக்கு நல்ல துணிச்சல் என்றார்கள். நான் எல்லாப் பல்லையும் காட்டினேன், பல் டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் அது ஒன்றுதான் பொருத்தம்.

அக்கா பிஸ்கட் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நானா சொல்லக்கூடாதுன்னுதான் தங்கச்சி இருந்தேன், அவ வாயால உங்களுக்குச் சொல்லட்டும்னு தினமும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன் என்றாள். தினமும் என்ற வார்த்தை எனக்கு எப்படிப் போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. எதற்காக நிற்கிறாள் என்று என் மகளைப் பற்றி அவளிடமே கேட்டேன். மாணவர் மன்றச் செயலாளர் பதவிக்கு என்றாள். சாயங்கால ஆய்வகம் முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்களுக்குக் கல்லூரி பஸ் விட வேண்டும் என்று நீ கேட்கிறாயாம், வாசலில் நிற்கும் வாடகை வண்டிக்காரர்களுக்கு உன் மேல் கோபமாம், அவர்களுக்கு வேண்டிய பையன்கள் உன் போஸ்டரைக் கிழிக்கிறார்களாம், உன் அறைத்தோழிதான் ராத்திரி உட்கார்ந்து புதிதாக எழுதித் தருகிறாளாம், இருமல் போய்விட்டதாம். ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அறைத்தோழிக்கு எழுதும் கை இடது கை என்பது வரை தெரிந்திருந்தது. அப்படி என்னதான் அவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று கேட்டேன். பாதி நேரம் உங்களைப் பத்தித்தான் பேசுவா தங்கச்சி என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில். என்னைப் பற்றி என்னிடம் பேசினால் என்னடி? நான் என்ன குறுக்கே விழுந்து தடுத்துவிடப் போகிறேனா?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, “என்கிட்ட போன மாசமே சொன்னாளே” என்றார். அவரோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை, வேண்டியதைக் கேட்டால் எடுத்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் என்று அப்பா சொல்கிறார். கோபம் இல்லை, பொறாமைதான், வேறு பெயர் வைத்து உன்னிடம் என்ன மறைப்பது. மருந்துக்கடை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், அவள் போனைக் காதில் வைத்திருந்தால் அது நீயாக இருக்குமோ என்று கால் தானாக மெதுவாகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். நீ பேசியதை நான் கேட்டுவிட்டேன் என்பதையாவது நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பயப்படுவேன் என்று சொன்னாயே, ஆமாம், பயந்தேன். அன்று ராத்திரி போஸ்டர் கிழிக்கும் கைகளாகவே கனவில் வந்தது. பயந்தால் என்ன, பயந்துகொண்டே சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து உனக்காக யோசித்தும் வைத்திருக்கிறேன். ஓட்டுக்கு முன்னால் அந்த வண்டிக்காரர்களிடம் நீயே போய்ப் பேசு, தனியாகப் போகாதே, பகலில் போ, அறைத்தோழியைக் கூட்டிக்கொள். பஸ் போகாத ஆஸ்பத்திரிப் பக்கமும் ரயில் நிலையப் பக்கமும் பிள்ளைகள் வாடகை வண்டியில்தானே போக வேண்டும், அதற்குக் கல்லூரி வாசலுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு நிழலான இடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல். சேர்மனம்மா கடைக்காரர்களுக்கு இடத்தை முதலில் காட்டியிருந்தால் இன்னொரு தடவை ஜெயித்திருப்பாள். இது எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்து, வரலாறு படித்த உன் அம்மா சொல்கிறேன். பேசும்போது வேகமாகப் பேசாதே, உனக்குக் கடைசி வார்த்தை விழுங்கிப் போகும். யார் கிண்டல் செய்தாலும் அங்கேயே பதில் சொல்லாதே. தண்ணீர் நிறையக் குடி, அந்த அம்மாவிடமிருந்து அதை மட்டும் கற்றுக்கொள்ளாதே.

தேர்தலில் நில். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். துண்டு இரண்டையும் தனித்தனியாகத் துவைத்துக்கொள், சாயம் போகும். சித்தப்பாவை நிற்க வைத்தே அனுப்பாமல் ஒரு தேநீராவது வாங்கிக் கொடு. நீ நினைத்தது நடக்கட்டும், நடக்காவிட்டாலும் நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், எந்தக் கெட்ட கண்ணும் உன்மேல் படாமல் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவு வந்த உடனே, ஜெயித்தாலும் தோற்றாலும், முதலில் என்னைக் கூப்பிடு. அப்பாவுக்கும் முன்னால். அன்று எக்ஸ்ரே நிலையத்தில் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நான் போனை எடுப்பேன். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் வேறு யாருக்கும் சொல்லாமல் இரு. மருந்துக்கடைக்கு நானே நடந்து போய், அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் வரவையும் உன் குரலையும் எதிர்பார்க்கும்,
அம்மா