குப்பி கசியவில்லை

அஷ்தரக்,
ஜூன் 28

அன்பு மகன் அர்ஷவீருக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் மனம் கேட்கிறது, என்ன மனமோ. நானும் அப்பாவும் நலம். ஆப்ரிகாட் இந்த வருடம் முந்திப் பழுத்துவிட்டது, பாதியை மாடியில் காயப் போட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வகத் தலைவர் வர்ட்கெஸ் பட்டறைக்கு வந்து உன் கட்டுரையை என் மேசையில் வைத்தார். லேசர் பட்டு ஒளிர்ந்த ருபீடிய ஆவி இருபத்தேழு நானோ நொடியில் அணைந்திருக்க வேண்டுமாம், பத்து மடங்கு நேரம் ஒளிர்ந்ததாம், காரணம் குப்பி கசிந்து காற்று புகுந்ததாம். நீ இங்கிருந்து கொண்டுபோன அந்தக் கண்ணாடிக் குப்பியை ஊதி, காற்றை உறிஞ்சி எடுத்து, ருபீடிய உலோகத்தை நிரப்பி மூடியவள் நான். “சாதேனிக் அக்கா, பெத்த புள்ளையே எழுதிட்டான், நான் யார்கிட்ட போய் இல்லைன்னு சொல்ல?” என்றார் வர்ட்கெஸ். இனிமேல் குப்பிகளை வெளியே வாங்கப் போகிறார்களாம். முப்பத்தொரு வருடம் இந்தக் கையால் செய்த வேலை.

காற்று புகுந்தால் ஒளி சீக்கிரம் அணையுமே தவிர நீடிக்காது, உலோகமும் வெளுத்துப்போகும், இது உனக்குத் தெரியாதா? நீ குப்பியைச் சூடாக்கும் அடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றி ஆவியை அடர்த்தியாக்கிவிட்டாய். ஓர் அணு விட்ட ஒளியைப் பக்கத்து அணு விழுங்கி, அது விட்டதை அடுத்தது விழுங்கி, வெளியே வருவதற்குள் நேரமாகிவிடுகிறது. நம் குடியிருப்பில் ஐந்தாம் மாடிச் சங்கதி எல்லார் வாயிலும் நுழைந்து வாசலுக்கு வருகிற மாதிரிதான். தவறு யாருக்கும் நடக்கும், அதற்கு நான் திட்ட மாட்டேன். ஆனால் உன்னோடு படித்த மனுஷாக் வந்திருந்தபோது வாய் தவறி, “அவன் மார்ச்சுலயே குளிர வச்சுப் பாத்துட்டான் அத்தை, சரியாத்தான் வந்துச்சு. அதுக்குள்ள அவனோட பேராசிரியர் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோம்னு மாநாட்டுல சொல்லிட்டாரு, பின்வாங்க ஒரு சாக்கு வேணுமே” என்றாள். அந்தச் சாக்கு நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கே வந்தது. பழியை ஏற்றுக்கொள்வாயா என்று கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால்தான் நீ கேட்கவில்லை.

உன் குப்பியோடு அன்றைக்கே நிரப்பிய ஜோடிக் குப்பி என்னிடம் இருக்கிறது. மனுஷாக்கை உட்காரவைத்து அது ஒளிரும் நேரத்தை அளந்தேன். தொண்ணூறில் நீண்டது, நாற்பதுக்கு இறக்கினால் இருபத்தேழு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று அப்பா அந்தக் கட்டுரைக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். ஜூலை முடிவதற்குள் திருத்தம் எழுதி அச்சுக்கு அனுப்பு. இல்லையென்றால் அதை இறக்கி வைத்து, வரி வரியாக அவருக்கு நம் மொழியில் படித்துக் காட்டுவேன்.

வெயிலில் வெறுந்தலையோடு சைக்கிள் ஓட்டாதே. நீண்ட ஆயுளோடு, தலை நிமிர்ந்து வாழ வேண்டும்.

உன் அம்மா,
சாதேனிக்