பெட்டிக்குள் ஒரு பூகம்பம்

நவம்பர் 12

இன்றும் ஒத்துப்போகவில்லை. ஒன்பதாவது முறை.

எட்டடி மணல் பெட்டி, நடுவில் இரண்டாகப் பிரிந்தது. மணலுக்குள் குழாய் புதைந்திருக்கிறது. ஒரு பாதியை ஜாக்கி வைத்துத் தள்ளினால் அதுதான் என் பூகம்பம். குழாய் நீளமாக, மெதுவாக வளையும் என்கிறது கணினி. பெட்டியிலோ பிளவுக்குப் பக்கத்திலேயே முழங்கை மாதிரி மடங்கிக் கிடக்கிறது. ரெண்டுல யாரு பொய் சொல்றா?

என் வழிகாட்டி ராஜகோபாலன் சார், "ஜனவரி இருபத்திரண்டு ரிவியூ. இதுதான் கடைசி நீட்டிப்பு, குந்தவை. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

ஆறு வருட முனைவர் படிப்பு. அப்படியே போய்விடுமா?

நவம்பர் 24

திருக்கடையூரில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். இலையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "தஞ்சாவூர்ல எங்கம்மா பூகம்பம் வருது?" மலைப்பக்கம் போகிற கேஸ் குழாய்க்காக என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பாயசம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அத்தை மகன் பிரபு வேறு: "ஆறு வருஷமா ஒரே குழாயப் புதைக்கிறா. எங்க தெரு பிளம்பர் அரை நாள்ல முடிச்சிருவான்."

சிரித்துவிட்டு, பாயசத்தைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

டிசம்பர் 9

பத்தாவது முறை. அதே முழங்கை. போடா!

டிசம்பர் 18

வழக்கமாகப் பத்து மணிக்குப் போகிறவள், இன்று ஏழரைக்கே போனேன். கதவைத் திறந்தால் – சைத்தூன் பீவி அக்கா குடமும் கையுமாக நிற்கிறார். என் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு!

ஆய்வகத்தைப் பெருக்குவது, மணல் அள்ளுவது எல்லாம் அவர்தான். அதற்கு முன் பதினைந்து வருடம் கட்டட வேலை.

"என்னக்கா பண்றீங்க?"

"வீடு கட்டுறப்ப பேஸ்மட்டத்துல மணல் ரொப்புனா தண்ணி விடணும்ல தங்கச்சி? இல்லாட்டி எறங்கிடுமே. நீங்க மறந்துடுறீங்க, அதான் நானே ஊத்திடறது."

"எப்போலேருந்து?"

"மொதல்லேருந்துதான்."

கத்திட்டேன். ரொம்பவே கத்திட்டேன். கணினிக்கு நான் கொடுத்திருப்பது காய்ந்த மணலின் கணக்கு! அவர் குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சோதனை முடிந்ததும் மணலை அள்ளி மாடியில் காயவைப்பதும் அவரே. அதற்குள் நான் கணினிக்கு ஓடிவிடுவேன். காலையில் நான் வருவதற்குள் மேல்மணல் காய்ந்திருக்கும். ஒரு நாளாவது உள்ளே கைவிட்டுப் பார்த்தேனா? நாற்றங்கால் மண்ணைத் தொட்டே ஈரம் சொல்லும் வீட்டில் பிறந்து – வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 22

ஈர மணல் குழாயை இறுக்கிப் பிடிக்கும். அப்போது வளைவு நீளமாகப் பரவ முடியாது. பிளவுக்குப் பக்கத்திலேயே மடங்கும். மணலின் ஈரத்தை அளந்து கணினியில் போட்டேன்.

முழங்கை வந்துவிட்டது! வந்தேவிட்டது!

சத்தமாகச் சொல்லத் திரும்பினால், கேட்க சைத்தூன் அக்கா இல்லை. நாலு நாளாக வேலைக்கு வரவில்லையாம்.

டிசம்பர் 24

சைத்தூன் அக்கா தன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்து நாகூர் போனேன். என்னைப் பார்த்ததும், "வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு சொல்ல வந்தீங்களா?" என்றார்.

"இல்லக்கா. தண்ணி ஊத்தக் கூப்பிட வந்தேன். அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிருங்க."

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு டீ வந்தது. கூடவே பிரியாணியும். பிழைத்தேன்.

ஜனவரி 14

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. காய்ந்த மணலில் நாலு சோதனை, ஈர மணலில் நாலு. எட்டுமே கணினியோடு ஒத்துப்போகின்றன.

ஜனவரி 22

உள்ளே போகும் முன் சார், "வேணும்னேதான் ஈரமாக்கினோம்னு சொல்லிடு. எதுக்கு வம்பு?" என்றார். தலையாட்டினேன்.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர் கடைசியாகக் கேட்டார்: "மண்ணுக்கடியில அனேகமா எங்கயும் காய்ஞ்ச மணல் கிடையாது. எல்லாரும் சோதனைய காய்ஞ்சதுலயே செய்யறாங்க. ஈரமாக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

வாயில் பொய் வரவில்லை. "சைத்தூன் பீவிக்கு சார். பத்து தடவையும் எனக்குத் தெரியாமலே" என்று முழுக்கதையையும் சொன்னேன். ராஜகோபாலன் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

நிபுணர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கையெழுத்தும் போட்டார்!

பிப்ரவரி 10

என் ஆராய்ச்சிக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் சைத்தூன் அக்காவுக்கு அவர் பெயரைக் காட்டினேன். "எம் பேரு எதுக்குங்க? கேஸு ஏதும் ஆயிடுச்சா?" என்று பதறிவிட்டார். விளக்கிச் சொன்னதும் அந்தப் பக்கத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

பிறகு குடத்தை எடுத்தவர், "இன்னைக்கு எவ்ளோ?" என்றார்.

"மூணு லிட்டர்க்கா."

அவர் ஊற்றினார். நான் முழங்கை வரை மணலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.