அக்கா தொடையில் ஒரு கம்பி

மார்ச் 4
வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன்: இன்று எலும்பு டாக்டருக்கே உலோகப் பாடம் எடுத்தேன், சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய. தையலெல்லாம் ஊருக்குக் காட்சி. பக்கத்திலேயே இருந்த அக்கா வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்: "நீ நல்லா பேசிட்டிருந்தேடி. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவள் மார்பில் தொடங்கிய புற்றுநோய் தொடை எலும்பை அரித்துவிட்டது. எலும்பு உடைவதற்குள் உள்ளே கம்பி செருக வேண்டும். எஃகா, டைட்டானியக் கலவையா? உலோகத்தை இழுத்து உடைத்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா!

"எஃகு எங்க மாமியார் மாதிரி டாக்டர். மொத்தப் பாரத்தையும் தானே சுமக்கும், யாரையும் ஒரு வேலை செய்ய விடாது. சும்மா கிடந்தே எலும்பு மெலிஞ்சுடும். டைட்டானியத்துக்குப் பாதி விறைப்புதான். எலும்புக்கும் பங்கு குடுக்கும். எடையும் கம்மி."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

மார்ச் 6
தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். எஃகு வைத்தால் எலும்பு மெலிய எவ்வளவு காலமாகும் என்று என்னையே கேட்டார்.

"வருஷக்கணக்குல ஆகும்."

"அதனாலதாம்மா சொல்றேன். அவங்களுக்கு எது வச்சாலும் போதும்."

படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 7
அக்காவிடம் மூச்சுவிடவில்லை. டைட்டானியம்தான் வேண்டும் என்று டாக்டரிடம் ஒற்றைக்காலில் நின்றேன். மறுபேச்சில்லாமல் "சரிம்மா" என்றார். நெடுங்காலம் நடக்கப் போகிறவளுக்கு வாங்குவதுபோல் வாங்கினால் நடந்துவிடுவாள் என்றா? — நீயெல்லாம் என்னத்தைப் படிச்சே?

மார்ச் 9
ஆபரேஷன் முடிந்தது.

ஏப்ரல் 2
நடக்கிறாள்! எதிர்வீட்டுக்காரியிடம் ஒரே பீற்றல்: "விமானத்துல போடற உலோகமாக்கும். என் தங்கச்சி செலக்‌ஷன்."

பிறகு என்னிடம், "கம்பிக்கு எத்தனை வருஷம்டி கேரண்டி?"

"உன் ஆயுசு பூரா."

"கில்லாடிடி நீ."

சிரித்தோம். பாத்திரம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். கழுவப் பாத்திரமே இல்லை.

ஜூலை 19
அக்கா இல்லை.

ஜூலை 22
தகனம் செய்த இடத்தில் சாம்பலோடு கம்பியையும் கொடுத்தார்கள். கையில் வாங்கியதுமே கனம் உறுத்தியது. லேபுக்குக் கொண்டுபோய், தண்ணீரில் மூழ்கவைத்து அடர்த்தி பார்த்தேன். எஃகு.

டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"உங்கக்காதாம்மா. டைட்டானியம் வர மூணு வாரம் ஆகும்னேன். 'எனக்கு இருக்கறதே கொஞ்ச நாள், அதுல மூணு வாரம் படுத்துக் கிடக்கவா? கையில இருக்கறதைப் போடுங்க. தங்கச்சி தாங்க மாட்டா, அவகிட்ட டைட்டானியம்னே சொல்லிடுங்க'ன்னாங்க."

"எப்ப சொன்னா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மார்ச் ஐந்தாம் தேதி என்றார்.

நான் அவரைத் தனியாகப் பார்த்தது ஆறாம் தேதி.