பொத்தான்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன

இன்று காலை கடைக்கு வந்த ஒரு பெண்மணி தன் புதுப் போனை நீட்டி, "இதைச் சாய்ச்சா படமெல்லாம் தானா இடம் மாறிக்குதுங்க. ரிப்பேருங்களா?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான் என்று சொல்லி நானும் ஒருமுறை சாய்த்துக் காட்டினேன். வரிசைகள் குறைந்தன, அகலம் கூடியது. எதுவும் திரைக்கு வெளியே விழவில்லை. அவர் போன பிறகு அடுத்த வேலையில் கை போகவில்லை. இவ்வளவு சுலபமாக நடக்கிற ஒரு காரியத்துக்காகத்தான் பட்டன் போன் காலத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் நாய் படாத பாடு பட்டேன். உனக்காக.

நீ பூம்பாறை பஸ்ஸில் கண்டக்டர். நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. உன் பஸ் வருவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, உன் சத்தம் வந்துவிடும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். நீ வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் கடைக்கு வந்தாய்.

"ஏலே, போனு பாட்டுப் பாடுதுல்ல? என் பேச்ச அதுல புடிச்சு வையி. நான் அமுக்குனா அது பேசட்டும்."

போனுக்கு நிரல் எழுதுவதை அப்போதுதான் நானாகத் தத்தித் தத்திக் கற்றுக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்கு ஒன்றிரண்டு செய்திருந்தேன். அதை நம்பி நீ உன் குரலைக் கொண்டுவந்து கொடுத்தாய். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் பதிவு செய்தோம். ஒன்பது பேச்சு, ஒன்பது எண் விசைக்கு. நீ ஒவ்வொன்றையும் பஸ்ஸில் கத்துவதுபோலவே கத்தினாய். மைக் கரகரத்தது. மெதுவாகச் சொல்லடா என்றால், "மெதுவாச் சொன்னா கடைசி சீட்டுக்கு எப்படிக் கேக்கும்?" என்று என்னையே கேட்டாய். உன் பேச்சு உன் மனைவிக்குக் கேட்டால் போதும், அவள் கடைசி சீட்டில் இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் தணிந்தாய். குளுருது. தண்ணி. வலிக்குது. டீ போடு. கதவச் சாத்து. சாப்பிட்டியா. கடைசியாக, "இந்தா வந்துட்டேன்." தினமும் சாயங்காலம் அவள் போன் செய்யும்போது பஸ் எந்த வளைவில் நின்றாலும் நீ சொல்கிற பதில் அது. ஊருக்கே தெரியும், நீ இன்னும் பாதி வழிகூட வந்திருக்க மாட்டாய் என்று.

அறுவைச் சிகிச்சை முடிந்து நீ வீடு திரும்பியதும் முதல் வடிவத்தைப் போட்டுக் கொடுத்தேன். உன் போனில் அருமையாக இருந்தது. திரையில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது பொத்தான்கள், கீழே இருக்கும் எண் விசைகளைப் போலவே. ஆனால் அந்தக் குளிரில் பூம்பாறையில் கரண்ட் எப்போது வரும் என்று யார் கண்டது? உன் போன் செத்தால் உன் மனைவியின் போன், அதுவும் செத்தால் உன் மச்சினன் போன். மூன்றுக்கும் மூன்று அளவில் திரை. நான் உன் போனின் அளவை மட்டுமே மனதில் வைத்து எழுதியிருந்தேன். மச்சினன் போனில் எல்லாப் பொத்தான்களும் மேல் மூலையில் குவிந்து கிடந்தன, மீதித் திரை வெறிச்சோடியிருந்தது. உன் மனைவியின் சின்னப் போனில் வலது ஓரப் பொத்தான்கள் மூன்றுமே இல்லை. அவை திரைக்கு வெளியே எங்கோ இருந்தன.

அவசரத்தில் அவள் போனுக்கு மட்டும் பொத்தான்களைக் குட்டையாக்கி, வரிசைக்கு இரண்டாக மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவளிடமிருந்து போன்.

"அண்ணே, டீ டீன்னே கேக்குறாங்க. போட்டுக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. என்ன கோவமுன்னே தெரியல."

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தேன். நீ கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய், பக்கத்தில் ஆறிப்போன டீ. போனை வாங்கிப் பார்த்ததும் புரிந்தது. மூன்றாவது பொத்தான் "வலிக்குது." வரிசைக்கு இரண்டாக்கியதில் அது இரண்டாம் வரிசைக்கு இறங்கிவிட்டது. திரையில் அது தெரிந்த இடத்துக்கு நேராக நீ விசையை அழுத்தினாய். அந்த விசை நான்கு. நான்காவது "டீ போடு." டிக்கெட் பையைப் பார்க்காமலே சில்லறை எடுத்துப் பழகிய கை உன்னுடையது. உனக்கு இடம்தான் கணக்கு, எண் அல்ல.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. எந்தத் திரையானாலும் மூன்றுக்கு மூன்று மாறக்கூடாது. பொத்தானின் அளவை நான் சொல்லக்கூடாது. போனிடமே அதன் அகலத்தையும் உயரத்தையும் கேட்டு, வகுத்து, மிஞ்சும் திரைப் புள்ளிகளை ஓரத்தில் தள்ள வேண்டும். கேட்டால் போன் பொய் சொன்னது. திரையின் மேலே நிற்கும் தலைப்புப் பட்டையைக் கழிக்காமல் ஓர் உயரம், கழித்து ஓர் உயரம். திரை முழுதாக விரிந்த பிறகு கேட்டால்தான் உண்மை வந்தது. தமிழ் எழுத்து அந்தப் போன்களில் வெறும் சதுரங்களாக வந்ததால் சொற்களைப் படமாக வரைந்திருந்தேன். படத்தைச் சுருக்கினால் எழுத்து நசுங்கியது. எல்லாச் சொல்லையும் பெரிது, நடுத்தரம், சிறிது என்று திரும்ப வரைந்து, பொத்தானுக்குள் அடங்குவதில் பெரியதை எடு என்று எழுதினேன். கடைக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். உன் வீட்டுக்கு வந்து போட்டால் ஏதாவது ஒன்று பிதுங்கும். மறுபடி பஸ். கடைக்கு வந்த மற்றவர்கள் போனெல்லாம் திறந்தபடியே கிடந்தது. நீ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்திருந்தாய். நான் திரையின் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தேன், உன்னைப் பார்க்கப் பயந்துகொண்டு.

ஒருநாள் மூன்று போனிலும் சரியாக வந்தது. நீ மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாய். அந்த வாரமே கட்டி திரும்பி வந்துவிட்டது என்றார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன் விரல் நடுங்கத் தொடங்கியது. ஒரு விசைக்குக் குறிவைத்தால் பக்கத்து விசையில் விழுந்தது. நீ சைகையில் கேட்டாய், குறைத்துவிடு என்று. "டீ போடு" போயிற்று, விழுங்க முடியாதே. "கதவச் சாத்து" போயிற்று. "சாப்பிட்டியா"வை எடுக்கும்போது நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மூன்றே பேச்சு மிஞ்சியபோது வரிசைக்கு ஒன்றாக்கி, அந்த வரிசையில் எந்த விசையைத் தொட்டாலும் பேசும்படி செய்தேன். எண்ணிக்கையைப் போனிலேயே மாற்றும்படி வைத்திருந்தேன், மீதியை அதுவே வகுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மாரடித்தது அவ்வளவு அழகாக வேலை செய்தது. அந்த அழகை நான் வெறுத்தேன். பொத்தான்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன, நீ குறைந்துகொண்டே வந்தாய்.

தண்ணீரும் குழாய் வழியே என்றான பிறகு இரண்டே மிஞ்சின. உன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீ மேல் பொத்தானை அழுத்தினாய். "வலிக்குது" என்றது போன். நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம் என்று தலையசைத்து, அந்தப் பொத்தானைத் துடைத்தெறிவதுபோல் விரலை இழுத்தாய்.

"ஏலே, அது ஒன்னுதாண்டா உனக்கு வேணும். கிறுக்குப் பயலே, அத எடுத்துட்டா எப்படிச் சொல்லுவ?"

நீ கண்ணுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தாய். பிறகு வாசலைக் காட்டினாய். உன் குரலில் அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் அழுகிறாள். அதனால் வேண்டாம். நான் சண்டை போட்டேன். கெஞ்சினேன். பேச்சே இல்லாத உன்னிடம் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

ஒரே பொத்தான், திரை முழுக்க. எந்த விசையைத் தொட்டாலும் பேசும். அவள் மருந்தோடு திரும்பி வந்து நின்றதும் நீ தொட்டாய். "இந்தா வந்துட்டேன்." "வந்தது நான்" என்று அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் நீ போகும்வரை அவள் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அதைத்தான் சொன்னாய். அந்த நாட்களில் உனக்கு எவ்வளவு வலித்தது என்று டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நீ எடுக்கச் சொன்ன குரலை அந்த மூன்று போனிலிருந்தும் எடுத்தேன். அழிக்கவில்லை. நான் போன் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் புதுப் போனில் ஏற்றுகிறேன். யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா என்று, கடையில் ஆளில்லாத வேளையில் அழுத்துகிறேன். "வலிக்குது" என்கிறாய்.

"தெரியும்டா" என்கிறேன்.