வியன்னாவில் கடல் இல்லை

1980 ஜனவரி 13, ஞாயிறு

விடியுமுன்பே மழை. மரங்கள் நனைந்துவிட்டன, பால் வெட்டு இல்லை. அம்மாவும் தங்கம்மா அக்காவும் இன்னும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். மழை பெய்தால்தான் இந்த றப்பர் தோட்டத்துக்கு லீவு.

நான் வியன்னாவில் இருக்கிறேன். அவிசாவளை நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, போன வருடக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த நகரத்தை வரைகிறேன். பேராலயம், அரண்மனை, பெரிய இராட்டினம். பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வநாயகி ஓகஸ்ட் விடுமுறைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே வேலை. டிக்கெட்டும் அவர்களே எடுப்பார்களாம். வியன்னா மாநாட்டைப் பற்றி இறுதிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், அந்த நகரத்துத் தெருக்களில் நடக்கப் போகிறேன்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தலைமை ஆசிரியர் இரத்தினசபாபதி, “வியன்னாவோ பிள்ளை? முதல்ல ஒருக்கா யாழ்ப்பாணத்தைப் போய்ப் பாருமன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

பெப்ரவரி 19, செவ்வாய்

கொழும்பு, பாஸ்போர்ட் கந்தோர். விலாசத்தில் தோட்டத்தின் பெயரைப் பார்த்ததுமே அந்த ஆள், “இந்தியாவட்டத?” என்றான் சிங்களத்தில், இந்தியாவுக்கா என்று. இல்லை, வியன்னா என்றேன். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான். தோட்டத்து ஆள் என்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்ப மட்டும்தானா? நாங்கள் பிரஜைகள். பதிந்த பிரஜைகள். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

திட்டம் முடிந்தது. முதல் நாள் பேராலயம், கோபுரத்தில் ஏறுவது. இரண்டாம் நாள் அரண்மனை. மூன்றாம் நாள் டிராமில் பழைய நகரத்தைச் சுற்றி வருவது, பின்னேரம் இராட்டினம்.

றப்பர் பால் காய்ந்த விரலால் அக்கா தாளைத் தடவிப் பார்த்தாள்.

“இதுல கடலு எங்க புள்ள?”

“கடல் இல்லக்கா. ஆறுதான்.”

“கடலே இல்லாத ஊர்ல என்னத்தப் பாக்கப் போற?”

ஏப்ரல் 2

அம்மா காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் வைத்தே எல்லாருக்கும் சொல்லிவிட்டாளாம். இனிப் போகாமல் இருக்கவே முடியாது.

மே 25, ஞாயிறு

செல்வநாயகி வந்து போனாள்.

லீவில் வந்தவள், வாடகைக் காரில், கைக்குழந்தையோடு எங்கள் தொழிலாளர் லயத்து வாசலுக்கே வந்துவிட்டாள். எங்கள் ஒரே கதிரையில் உட்கார்ந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்தாள். எழும்பு என்று நான் சொல்லவில்லை.

படத்தை விரித்துக் காட்டினேன். குழந்தை ஒரு மூலையைப் பிடித்துக் கிழித்து வாயில் வைத்தது.

“ஐயோ புஷ்பா, இவ்வளவும் பார்க்க எங்க நேரம்? ஓகஸ்டில நான் வேலைக்குப் போறன். இவரை வேற ஆரிட்டயும் நம்பி விடேலாது.” இவர் என்றது குழந்தையை.

“நான் ஒரு மாதம்தானே நிப்பன்?”

“விசர்க்கதை கதையாதையும். ரெண்டு வருசமாவது நில்லும். ஞாயிறு ஞாயிறு சுத்திப் பார்க்கலாம். பிள்ளை வளர்க்கிறதில உங்கட ஆக்கள் கெட்டிக்காரர்தானே.”

நான் வாய் திறப்பதற்குள் அம்மா: “அதுக்கென்னங்கம்மா! கண்ணு மாதிரி பாத்துக்குவா.”

அவளைப் போய் ‘அம்மா’வாம்! என் வயதுக்காரியை!

கார் வரைக்கும் கூடவே போனேன். விடுதியில் அவள் சேலைகளை நான்தான் அயர்ன் பண்ணிக் கொடுப்பேன். தண்ணீர் வராத நாளில் அவளுக்கும் சேர்த்து வாளி தூக்குவேன். சிநேகிதம் என்று நினைத்தேன். அவள் என்னவென்று நினைத்தாள்?

“நான் வரல” என்றேன்.

அவளிடம் இத்தனை வருடமும் அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சைத்தான் பேசியிருக்கிறேன். இன்று எங்கள் பேச்சு வந்தது.

“என்ன சொல்லுறீர்?”

“நான் வரல. ஒம் புள்ளைய நீயே பாத்துக்க.”

 

மே 26

இன்று ஏச்சு வாங்கியது அம்மாவிடம்.

“படிச்ச திமிரு! ஒங்கக்கா பத்து வயசுல கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனா. அவ ஒழச்சு அனுப்புனதுலதான நீ பேராதனைக்குப் போன? அப்ப வராத ரோசம் இப்ப எங்கருந்துடி வருது?”

 அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம். அம்மா மேல், செல்வநாயகி மேல், அந்த அயர்ன் பெட்டி மேல்.

பால் வாளி கழுவிக்கொண்டிருந்த அக்கா, “விடும்மா, அவ போகாட்டி போகட்டும்” என்றாள். பிறகு என்னிடம், “கொழும்புல, பம்பலப்பிட்டியில நான் வேல செஞ்ச வீட்டுக்குக் கிட்டதான் கடலு. சத்தம் கேக்கும். நான் பாத்ததே இல்ல, தெரியுமா? அவங்க வெளிய போனா என்ன உள்ள வச்சு கேட்டப் பூட்டிட்டுத்தான் போவாங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இன்னொரு கலண்டர் தாள். இந்த முறை கொழும்பு. ஒரே ஒரு நாள், அக்காவோடு.

“பைத்தியமா ஒனக்கு? எனக்கெதுக்குக் கொழும்பு?” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வீடு இன்னும் இருக்குமா?”

ஓகஸ்ட் 9, சனி

கடலோரக் காலிமுகத்திடலுக்குத்தான் முதலில் என்று எழுதியிருந்தேன். அக்கா கேட்கவில்லை. பம்பலப்பிட்டியில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் எனக்கு முன்னால் நடந்தாள்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கடல். பாதைக்கு இப்பால் கடைசி வீடு, அக்கா வேலை செய்தது, அதுதான்.

“அக்கா, இங்க பாரு. கடல்!”

அவள் திரும்பவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டையே பார்த்தாள்.

“இவ்வளவு கிட்டயா?” என்றாள். “அந்தா, குசினி சன்னல். அடுப்புக்குப் பக்கத்துல அதுக்குக் கீழதான் படுப்பேன். மொத நாள் சத்தத்தக் கேட்டுட்டு மழைன்னு நெனச்சேன் புள்ள. ஊத்துது, நாளைக்கு வேலை இருக்காதுன்னு நெனச்சேன்.”

 

அக்கா குனிந்து ரயில் பாதையிலிருந்து ஒரு சல்லிக்கல்லை எடுத்து வீசினாள். கேட்டில் பட்டு ‘ணங்’கென்றது. இன்னொன்று எடுத்தாள். நானும் ஒன்று எடுத்தேன்.

யாரும் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கடலின் பக்கம் திரும்பினாள்.