நெருப்புச் சட்டி வைக்க வேண்டாம்

கொட்டாஞ்சேனை,
16.2.1947, ஞாயிறு.

லிவர்பூல் குளிரில் இருக்கும் என் வீட்டுக்காரர் செபஸ்தியனுக்கு, பிறிஜெற் எழுதுவது. இதைக் கையில் எடுத்ததும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அறைக்குள் நெருப்புச் சட்டி இருந்தால் தூக்கி வெளியே வையுங்கள். சன்னலைத் திறந்துவிடுங்கள். குளிரட்டும், பரவாயில்லை. பிறகு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

மார்கழி முதல் கிழமை உங்களுக்கு எழுதிய கடிதத்தை நினைத்தால் என் கையை நானே முறிக்கலாம் போலிருக்கிறது. அறைச் சுவரிலே பனி பூக்கிறது, கம்பளிக்குள்ளும் பல் கிடுகிடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் மூன்று பக்கத்துக்குப் புத்தி சொன்னேன். காலுக்கு இரண்டு சோடி மேசு போடுங்கள். தெருவில் தண்ணீர் உறைந்து கிடந்தால் சப்பாத்துக்கு மேல் சாக்குத் துண்டு கட்டி, சின்ன அடியாக வைத்து நடவுங்கள். துறைமுகத்தில் ஈரக்கையோடு இரும்புச் சங்கிலியைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிப் பிடிக்கும். இவை கப்பலில் போய் வந்தவர்களிடம் கேட்டு எழுதியவை, பிழையில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் சொந்தப் புத்தியையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஐறீன் பிறந்தபோது என் கட்டிலுக்குக் கீழே சிரட்டைக்கரி நெருப்புச் சட்டி நாற்பது நாளும் இருந்ததே, அதுமாதிரி ஒன்று வைத்துக்கொண்டு படுங்கள், குளிர்காற்று வராமல் சன்னல் இடுக்கெல்லாம் கடதாசி ஒட்டுங்கள் என்று எழுதினேன்.

உங்கள் பதில் போன வெள்ளிக்கிழமைக்கு முதல் வெள்ளி வந்தது. தை பதினோராம் திகதி எழுதியிருக்கிறீர்கள். பழைய பெயின்ற் தகரத்தில் ஓட்டை போட்டுச் சட்டி செய்துவிட்டேன், துறைமுகத்தில் புகையே வராத நல்ல கரி பொறுக்கி வந்தேன், சன்னலுக்குப் பேப்பரும் ஒட்டியாயிற்று, இன்றைக்குத்தான் மூட்டப் போகிறேன், கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உன் சொல்லைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு பேர்னாட் அண்ணையிடம் ஓடினேன். நாற்பது வருஷம் கப்பலில் கரி அள்ளிப் போட்ட மனிசன் அல்லவா, கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எட பிள்ளை, என்ன வேலை செய்தனீ எண்டு தலையில் கை வைத்தார். எங்கட வீடு ஓட்டு வீடு, நூறு ஓட்டை, கரிக்காத்துப் போயிடும். அங்க பெட்டி மாதிரி அடைச்ச அறை. அந்தக் காத்து மணக்காது, இருமவும் விடாது, நித்திரையிலேயே ஆளை முடிச்சுப்போடும் எண்டார்.

அந்த நிமிஷமே தந்திக் கந்தோருக்கு ஓடினேன். சட்டி வேண்டாம், சன்னலைத் திறக்கவும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர், இதுக்கோ அம்மா தந்தி எண்டு சிரித்தார். ஒன்பது நாளாயிற்று. பதில் இல்லை. உங்களுக்கு அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரச் சீமாட்டிக்கும் ஒன்று அடித்தேன், அதற்கும் இல்லை. இங்கிலாந்தில் பனி விழுந்து ரயில்கூட ஓடவில்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறதாம். தந்திக்காரனும் பனியில மாட்டியிருப்பான், பயப்படாதீங்க என்று முன்வீட்டு ஜவாஹிறா தினமும் வந்து சொல்கிறா. நானும் ஓம் ஓம் என்கிறேன்.

அரிசிக் கூப்பனை மாற்றியாயிற்று. பின்பக்க ஓடு இன்னும் ஒழுகுகிறது. ஐறீன் உங்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள். ஒரு கை மற்றக் கையிலும் நாலு விரல் நீளம். அவிழ்த்துப் பின்னடி என்று ஏசினேன். இப்போது அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று உங்களைக் கூட்டிப்போன கப்பல் கொம்பனியிலிருந்து சுந்தரலிங்கம் என்றொரு கிளாக்கர் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நாளைக்குக் காலமை கந்தோருக்கு வரட்டாம். கலியாணப் பதிவுத் துண்டையும் கொண்டு வாங்கோ அம்மா, தனிய வராதேங்கோ, ஆரையும் துணைக்குக் கூட்டி வாங்கோ எண்டார். என்னத்துக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். கேட்காமல் விட்டுவிட்டேன். பேர்னாட் அண்ணை கூட வருகிறார். போகிற வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன். போய் வந்த பிறகு எழுதக் கை வருமோ தெரியாது.

என்ரை இவர் ஒரு சொல்லும் கேளார் என்று பத்தொன்பது வருஷமாக ஊரெல்லாம் முறைப்பாடு சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொன்னேன். குடையைக் கொண்டுபோங்கள் என்றால் நனைந்து வந்த ஆள். கப்பல் ஏற வேண்டாம் என்று காலைப் பிடித்தபோதும் கேட்காத ஆள். உங்களுக்கு இதில் மட்டும் ஏன் என் சொல்லைக் கேட்க வந்தது? வேலையால் களைத்து வந்து, மூட்டப் பஞ்சிப்பட்டு, சட்டியைத் தொடாமலே படுத்துவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறிஜெற்றுக்கு விசர், அவள் சொன்னது ஒன்றையும் நான் செய்யவில்லை என்று எழுதுங்கள். இனி என் வாயில் ஒரு குறையும் வராது.

மாதா உங்கள் தலைமாட்டில் நிற்கட்டும். சன்னலைத் திறந்துவிடுங்கள்.

உங்கள்,
பிறிஜெற்.